காலத்தை முந்திய ஊசி: வெறிநாய்க்கடிக்கு விடை தேடிய லூயி பாஸ்டர்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 28ஆம் தேதி உலக ரேபிஸ் தினமாக அனுசரிக்கப்படுகிறது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய இந்தத் தினத்துக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1895ஆம் ஆண்டு அதே நாளில்தான் காலமானார்.

பாஸ்டர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பால். பாலைச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கும் முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. பள்ளிப் பாடமும் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் உலகம் முழுவதும் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தது ஒரு சிறுவனுக்குப் போடப்பட்ட ஊசி. அந்த ஊசியின் கதை இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது. சரவாக்கில் 2017ஆம் ஆண்டு ரேபிஸ் நோய் பரவியதாக அறிவிக்கப்பட்டபோது, முதலில் பலியானவர்களும் சிறுவர்களே.

பழுக்கக் காய்ச்சிய இரும்பு

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி கிழக்குப் பிரான்சில் உள்ள டோல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் ஜோசப், நெப்போலியனின் படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பித் தோல் பதனிடும் தொழில் செய்தவர். குடும்பம் பின்னர் அருகில் உள்ள ஆர்புவா என்ற ஊரில் குடியேறியது.

பள்ளியில் பாஸ்டர் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை. படம் வரைவதில்தான் ஆர்வம் அதிகம். பெற்றோரையும் ஊர்க்காரர்களையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் அவர் வரைந்த படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அவருக்கு 8 வயதாக இருந்தபோது, 1831ஆம் ஆண்டில், வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பகுதிக்குள் புகுந்து பலரைக் கடித்தது. அக்காலத்தில் அதற்கு ஒரே சிகிச்சை, கடிபட்ட இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. காயம்பட்டவர்கள் ஊர்க் கொல்லன் பட்டறைக்கு அழைத்து வரப்பட்டார்கள். சூடு பட்டும் அந்த வட்டாரத்தில் 8 பேர் இறந்துபோனார்கள். ஊரே அந்த அச்சத்தைப் பல ஆண்டுகள் சுமந்தது. சிறுவன் பாஸ்டரும் அதை மறக்கவில்லை.

மூன்று மகள்களை இழந்த தந்தை

பாஸ்டர் மருத்துவம் படித்தவர் அல்ல. அவர் படித்தது வேதியியல். 1848ஆம் ஆண்டு, 25 வயதில், டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை நுண்நோக்கியில் பார்த்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல் இரு வகைப் படிகங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அறிவியல் உலகில் அவருக்கு முதல் பெயர் வாங்கித் தந்தது அதுதான். மறு ஆண்டு மரி லோரான் என்பவரை மணந்தார். கணவரின் குறிப்புகளைப் படியெடுத்து, ஆய்வுகளைக் கேட்டு விவாதித்துக் கடைசிவரை துணை நின்றவர் மரி.

அவர்களுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் மூன்று பெண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தார்கள். மூத்தவள் ஜானை 1859இல் டைபாய்டு காய்ச்சல் கொண்டுபோனது. 1865இல் இரண்டு வயதுக் கமீல் நோயில் இறந்தாள். மறு ஆண்டே 12 வயது செசிலும் டைபாய்டுக்குப் பலியானாள். ஒரு நோய் எங்கிருந்து வருகிறது, எப்படிப் பரவுகிறது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாத காலம் அது. அந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலேயே அவரது வாழ்க்கையின் பிற்பாதி கழிந்தது.

1868ஆம் ஆண்டு அக்டோபரில் 45 வயதில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. உயிர் பிழைத்தாலும் இடக்கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிருமிகளைப் பற்றிய அவரது பெரிய கண்டுபிடிப்புகளில் பல அதற்குப் பிறகு வந்தவையே. ஆய்வுக்கூடத்தில் நுணுக்கமான வேலைகளை உதவியாளர்களின் கைகள் செய்தன.

கோழியில் கற்ற பாடம்

திராட்சைச் சாறு மதுவாவதும் பால் புளிப்பதும் நுண்ணுயிர்களால்தான் என்று பாஸ்டர் ஏற்கெனவே நிறுவியிருந்தார். பட்டுப்புழுக்களைத் தாக்கிய நோயை ஆராய்ந்து, தெற்குப் பிரான்சின் பட்டுத் தொழிலுக்கு வழிகாட்டியிருந்தார். அடுத்து அவர் கை வைத்தது கோழிகளைக் கொல்லும் ஒரு வகைக் காலரா நோயில்.

1879ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழிக் காலராக் கிருமிகளில் ஒரு தொகுதி பல நாள்கள் அப்படியே கிடந்து பழையதாகிவிட்டது. அதைச் செலுத்தியபோது கோழிகள் சற்று நோயுற்று, பிறகு தேறின. அதே கோழிகளுக்குப் புதிய, வீரியமான கிருமியைச் செலுத்தியும் அவை சாகவில்லை. வீரியம் குறைந்த கிருமி, உடலுக்கு அந்த நோயை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கிறது என்பதை பாஸ்டர் புரிந்துகொண்டார்.

இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர் 1796ஆம் ஆண்டிலேயே மாட்டம்மைச் சீழைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்திருந்தார். ஆனால் அது இயற்கையில் கிடைத்த ஒரு வாய்ப்பு. கிருமியை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே பலவீனமாக்கித் தடுப்பு மருந்தாக மாற்றலாம் என்பதே பாஸ்டர் திறந்த புதிய வழி. ஜென்னருக்கு மரியாதை செலுத்தும் வகையில், பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்த 'வேக்சின்' என்ற பெயரையே எல்லாத் தடுப்பு மருந்துகளுக்கும் பொதுப்பெயராக்கினார்.

1881ஆம் ஆண்டு ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி கண்டதாக அவர் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. புய்யி லெ ஃபோர் என்ற ஊர்ப் பண்ணையில் பொதுமக்கள் முன்னிலையில் சோதனை நடந்தது. தடுப்பூசி பெற்ற 24 செம்மறி ஆடுகளும் பெறாத 24 ஆடுகளும் ஒரே கிருமியை எதிர்கொண்டன. ஜூன் 2ஆம் தேதி திரண்டு வந்த கூட்டம், ஒரு பக்கம் உயிரோடு மேய்ந்த ஆடுகளையும் மறுபக்கம் செத்தும் செத்துக்கொண்டும் கிடந்த ஆடுகளையும் கண்டது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இதற்கிடையே 1880ஆம் ஆண்டு இறுதியிலேயே பாஸ்டர் ரேபிஸ் ஆய்வைத் தொடங்கிவிட்டார். காசநோயும் டைபாய்டும் கொன்ற எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ரேபிஸ் மரணங்கள் குறைவு. ஆனால் அதைப் போன்ற அச்சம் வேறு எந்த நோய்க்கும் இல்லை. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பதில்லை. தாகத்தில் தவித்தும் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். நினைவு தடுமாறி, வலிப்பு வந்து, சில நாள்களில் உயிர் போகும். அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றும் மருந்து இன்றுவரை இல்லை என்றே சொல்ல வேண்டும்.

எமில் ரூ உள்ளிட்ட உதவியாளர்களுடன் பாஸ்டர் வேலையில் இறங்கினார். இந்த நோய்க்குக் காரணமான கிருமி நுண்நோக்கியில் தெரியவில்லை. கண்ணாடிக் குடுவையில் வளரவும் இல்லை. அது வைரஸ் என்பதும், அன்றைய நுண்நோக்கிகளுக்கு எட்டாத அளவு சிறியது என்பதும் பின்னாளில் தெரிந்த செய்திகள். ஆனால் நோய் மூளையையும் நரம்புகளையும் தாக்குகிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். எனவே குடுவைக்குப் பதில் முயலின் நரம்பு மண்டலத்திலேயே கிருமியை வளர்த்தார்கள்.

நோயால் இறந்த முயலின் முதுகுத்தண்டு நரம்பை எடுத்து, ஈரமில்லாத காற்று நிரம்பிய குடுவைக்குள் தொங்கவிட்டார்கள். நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைந்து, இரண்டு வாரத்தில் தீங்கற்றதாகியது. மிகப் பழையதை முதலில் செலுத்தி, அடுத்தடுத்த நாள்களில் புதியதை நோக்கிப் போனால் நாய்களின் உடல் நோயை எதிர்க்கத் தயாராகிறது என்று தெரிந்தது.

எல்லா நாய்களுக்கும் ஊசி போட்டுவிட்டால் மனிதருக்கு நோயே வராதே என்று பாஸ்டரும் யோசித்தார். ஆனால் பாரிஸில் மட்டும் சுமார் 100,000 நாய்கள், நாடு முழுவதும் சுமார் 2.5 மில்லியன் நாய்கள் என்பது அவர் போட்ட கணக்கு. முயல் நரம்பைத் தினமும் உலர்த்தித் தயாரிக்கும் மருந்தை அத்தனை நாய்களுக்கும் பல முறை செலுத்துவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

எனவே வேறு வழியை நோக்கினார். இந்த நோய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கடித்தவுடன் கிருமி மூளைக்குப் போய்விடுவதில்லை. காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல நகர்ந்து போகும். அதற்குச் சில வாரங்கள், சில நேரம் மாதக் கணக்கிலும் ஆகும். அந்த இடைவெளியில் உடலைத் தயார்படுத்திவிட்டால், கிருமி மூளையைத் தொடும் முன் தடுத்துவிடலாம். நோய் தொற்றிய பிறகு போட்டாலும் பலன் தரும் தடுப்பூசி என்ற எண்ணம் அப்படித்தான் உருவானது.

1885 ஜூலை 6

அன்று காலை அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தம் 9 வயது மகனுடன் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சிறுவனின் பெயர் ஜோசப் மெய்ஸ்டர். இரண்டு நாள்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அவனை 14 இடங்களில் கடித்திருந்தது.

பாஸ்டருக்கு மனிதருக்கு ஊசி போடச் சட்டப்படி உரிமை இல்லை. நாய்களிடம் நடத்திய சோதனைகளும் முழுமை பெறவில்லை. போட்டால், ஊசியே நோயைத் தரக்கூடும். போடாவிட்டால், சிறுவன் கொடிய முறையில் இறக்கக்கூடும். மருத்துவர்கள் வுல்பியானும் கிராஞ்சேயும் சிறுவனைப் பார்த்து, சிகிச்சை அளிப்பதே சரி என்றார்கள். அன்று மாலை கிராஞ்சே முதல் ஊசியைப் போட்டார். பத்து நாள்களில் 13 ஊசிகள். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட வீரியம் கூடியது. கடைசி ஊசிகள் நெருங்க நெருங்க பாஸ்டருக்குத் தூக்கம் போனது. சிறுவனோ ஆய்வுக்கூடத்து முயல்களோடும் கோழிகளோடும் விளையாடிக்கொண்டிருந்தான். நோய் வரவே இல்லை.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளைக் குடும்பத்தினர் நெடுங்காலம் வெளியே தரவில்லை. 1964ஆம் ஆண்டு அவருடைய பேரன் அவற்றைப் பிரான்சின் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க முன்வந்த பிறகே வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் படித்தார்கள். மெய்ஸ்டருக்குப் பயன்படுத்திய அதே முறை நாய்களிடம் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்பதும், அதற்கு முன்பே இருவருக்கு அமைதியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன. அவசரம் வேண்டாம் என்று கருதிய எமில் ரூ, மெய்ஸ்டருக்குச் சிகிச்சை அளிக்கும் பொறுப்பை ஏற்க மறுத்து ஒதுங்கியிருந்தார். இன்றைய மருத்துவ நெறிமுறைக்குழு எதுவும் அந்த ஊசிக்கு எளிதில் அனுமதி தராது. பாஸ்டரின் துணிச்சலைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

தாமதமாக வந்த சிறுமி

அதே ஆண்டு அக்டோபரில் 15 வயது ஆடு மேய்க்கும் சிறுவன் ஜான் பாப்டிஸ்ட் ஜூப்பில் வந்தான். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளைக் காப்பாற்ற வெறிநாயுடன் மல்லுக்கட்டிக் கடிபட்டவன். கடித்து ஆறு நாள்கள் கழித்துச் சிகிச்சை தொடங்கியது. அவனும் பிழைத்தான். பாரிஸில் உள்ள பாஸ்டர் கழக வளாகத்தில் அவன் நாயுடன் போராடும் சிலை இன்றும் நிற்கிறது.

நவம்பர் மாதம் லூயிஸ் பெல்லெத்தியே என்ற 10 வயதுச் சிறுமியைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். கடித்தது தலையில். அதுவும் 37 நாள்களுக்கு முன். காயம் மூளைக்கு மிக அருகில். நாள்களோ கடந்துவிட்டன. பலன் இருக்காது என்று பாஸ்டருக்குத் தெரியும். சிறுமி இறந்தால் புதிய சிகிச்சையின் மீதே பழி விழும், மற்றவர்கள் வரத் தயங்குவார்கள் என்றும் தெரியும். ஆனாலும் பெற்றோரைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஊசிகள் போடப்பட்டன. டிசம்பர் தொடக்கத்தில் லூயிஸ் இறந்தாள். அவளுடைய படுக்கையருகே கடைசிவரை இருந்த பாஸ்டர், வெளியே வந்து அழுதார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

மெய்ஸ்டரின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. பெல்லெத்தியேயின் பெயரைச் சிலரே சொல்கிறார்கள். ஆனால் ரேபிஸைப் பற்றிய முக்கியப் பாடம் அவள் கதையில்தான் இருக்கிறது. மருந்து இருந்தும் ஒரு பிள்ளை இறக்கலாம். காரணம் நாள்கள் கடந்தது மட்டுமே.

ஊசியோடு சேர்ந்த கணக்கு

வெறிநாய் கடித்த எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. எனவே ஒரு மெய்ஸ்டர் பிழைத்ததை வைத்து மருந்து பலிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்பாளர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு பாஸ்டரும் உடனிருந்தவர்களும் அளித்த பதில், கணக்கு.

வந்த ஒவ்வொருவரின் பெயர், கடிபட்ட நாள், கடிபட்ட இடம், கடித்த விலங்கின் நிலை எல்லாம் பதிவாயின. கடித்த நாய்க்கு நோய் இருந்தது ஆய்வுக்கூடத்தில் உறுதியானவை, கால்நடை மருத்துவர் சான்று அளித்தவை, வெறும் சந்தேகத்துக்குரியவை என்று பதிவுகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. இறந்தவர்களின் எண்ணிக்கையும் வெளியிடப்பட்டது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் 2,490 பேர் சிகிச்சை பெற்றிருந்தார்கள். அவர்களில் பிரான்சையும் அல்ஜீரியாவையும் சேர்ந்த 1,726 பேரில் சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் 10 பேர்.

ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியில் வெறிபிடித்த ஓநாயிடம் கடிபட்ட 19 பேர், நீண்ட பயணம் செய்து பாரிஸ் வந்தார்கள். அவர்களில் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நான்கு சிறுவர்கள் வந்தார்கள். பல நாட்டு மக்களின் நன்கொடையில் எழுந்த பாஸ்டர் கழகம் 1888ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி திறக்கப்பட்டது. பாஸ்டர் உணர்ச்சிவசப்பட்டிருந்ததால் அவருடைய உரையை மகன்தான் வாசித்தார். வளர்ந்து பெரியவரான ஜோசப் மெய்ஸ்டர் அதே கழகத்தில் வாயிற்காவலராகப் பணியாற்றியது தனிக்கதை.

கடிபட்டவர் பாரிஸ் வரை பயணம் செய்தால் நாள்கள் கடந்துவிடும். எனவே மருந்து அவர்களை நோக்கிப் போக வேண்டியிருந்தது. 1891இல் சைகோனில் பாஸ்டர் கழகம் அமைந்தது. 1907இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் கழகம் தொடங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தா பாட்டி காலத்தில் பயமுறுத்தியது, பாஸ்டர் வழியில் விலங்கு நரம்பிலிருந்து தயாரித்த அந்தக் காலத்து மருந்தைத்தான். இன்றைய மருந்து அப்படி அல்ல. கையில் போடப்படும் சில ஊசிகளோடு முடிந்துவிடும்.

பாஸ்டர் 1895ஆம் ஆண்டு தமது 72வது வயதில் பாரிஸ் அருகே மறைந்தார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அவரது உடல் பாஸ்டர் கழகத்தின் நிலவறையில் வைக்கப்பட்டிருக்கிறது.

அவர் கைவிட்ட வழி, இன்று நம் வழி

எல்லா நாய்களுக்கும் தடுப்பூசி என்பது பாஸ்டர் காலத்தில் நடக்காத காரியம். இன்று அதுவே மிகச் சிறந்த வழி. மனிதர்களுக்கு ரேபிஸ் வருவதில் 99 விழுக்காடு நாய்களால்தான். ஒரு வட்டாரத்தில் 70 விழுக்காட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருந்தும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. கடிபடுவோரில் பத்தில் நால்வர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

இந்த வட்டாரத்துக்கும் அந்த அனுபவம் உண்டு. சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் ரேபிஸ் இல்லை. தீபகற்ப மலேசியா, தாய்லாந்து எல்லையையொட்டிய பகுதிகளில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு தடுப்பு வளையத்தைப் பல ஆண்டுகள் பராமரித்தது. 2012ஆம் ஆண்டு ரேபிஸ் இல்லாத நாடு என்ற அங்கீகாரம் மலேசியாவுக்குக் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் நோய் கண்டறியப்பட்டது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் பகுதியில் பிள்ளைகள் பலியானார்கள். அதன் பின்னரும் அங்கே மரணங்கள் தொடர்ந்தன. நோய் இல்லை என்ற சான்றிதழ், கண்காணிப்பை நிறுத்துவதற்கான அனுமதி அல்ல.

நாயோ பூனையோ கடித்தாலும் பிராண்டினாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. சிறிய கீறல்தானே, வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று தள்ளிப்போடாமல் அன்றே கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடித்த நாய் எது, யாருடையது என்ற விவரமும் அதிகாரிகளுக்குத் தேவை. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும் நம் பொறுப்பே. பிள்ளைகள் நாய் கடித்ததைத் திட்டுக்குப் பயந்து மறைப்பதுண்டு. மறைக்காமல் சொல்லலாம் என்ற தைரியத்தை அவர்களுக்கு இன்றே கொடுத்துவைப்பது நல்லது.

இரண்டாம் நாளே வந்தான் ஜோசப் மெய்ஸ்டர். முப்பத்தேழாம் நாள் வந்தாள் லூயிஸ் பெல்லெத்தியே. இருவருக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கப்பட்டது.